மதியம் ஒன்று இருபதுக்கு வந்த சவரிமுத்து

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இந்தக் கம்பெனியை விட்டுப் போனவர்களில் எத்தனை பேருடைய பெயரும் கடவுச்சொல்லும் உங்கள் கணினிகளில் இன்னும் செல்லுபடியாகின்றன? சுவர் அகலத்துக்குத் திரை மாட்டி, உலக வரைபடத்தில் எங்கெங்கிருந்து கணினித் திருடன் வருகிறான் என்று சிவப்புப் புள்ளி காட்டிக்கொண்டிருந்த நீங்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "மேடம், அதெல்லாம் ஹெச்.ஆர். பாத்துக்குவாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். பாதி கோபம்தான்.

நான் வேலையில் இருந்த காலத்தில் எனக்குக் கல்நெஞ்சக்காரி என்று ஒரு பெயர் உண்டு. ஊழியர் ஒருவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால், மாலை வாங்க ஆள் அனுப்புவதற்கு முன்பே அவர் பெயரைக் கணினியிலிருந்து எடுக்கச் சொல்வேன். என் எதிரில் தலையாட்டிவிட்டு வெளியே போய்த் திட்டுவார்கள். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை. ஓய்வு பெற்றாகிவிட்டது. இனிமேல் சொன்னால் வேலை போகாது.

எண்பதுகளின் கடைசி. தர்மபுரி மாவட்டத்தில், பாப்பிரெட்டிப்பட்டிக்கும் பொம்மிடிக்கும் நடுவில் ஒரு சர்க்கரை ஆலை. பெயர் வேண்டாம். அங்கே கணினிப் பிரிவு என்றால் நான்தான். பீரோ அளவுக்கு ஒரு மெஷின், அதிலிருந்து கேபிள் இழுத்து எடைமேடை, ஸ்டோர், கரும்புப் பிரிவு என்று எட்டு இடங்களில் திரைகள். வெளியே கரும்புக் கோட்ட அலுவலகங்கள் நான்கு. அதில் ஒன்று கம்பைநல்லூரில், ஒன்று பொம்மிடியில். அந்த நான்கிலும் தலா ஒரு திரை இருந்தது. அவர்கள் டெலிபோன் போட்டால், எங்கள் பக்கம் மோடம் என்கிற பெட்டி தானாகவே எடுத்து, ஒரு கீச்சுக் குரல் கொடுத்து, அவர்களை மெஷினுக்குள் விடும். நெட்வொர்க் என்ற வார்த்தையே எங்களுக்குப் பழக்கமில்லை. லைன் என்போம். லைன் போச்சு, லைன் வந்துச்சு, அவ்வளவுதான்.

மெஷின் இருந்த அறைக்குள் செருப்போடு யாரும் வர முடியாது. ஏசி போட்டுக் கதவைச் சாத்தி வைத்திருப்போம். மெஷினுக்குப் பக்கத்தில் கன்சோல் ஒன்று. திரை கிடையாது, பெரிய டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். யார் உள்ளே வந்தாலும் அவர் பெயரையும் நேரத்தையும் தானாகவே தாளில் அடித்துக்கொள்ளும். ஆள் தொடாமலே எழுத்து விழும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்தால் ஓர் அடி பின்னால் நகர்வார்கள்.

சவரிமுத்து கரும்புப் பிரிவில் எழுத்தர். எந்தத் தோட்டத்துக் கரும்பை எந்தத் தேதியில் வெட்டலாம் என்று ஆலை கொடுக்கும் உத்தரவைக் கட்டிங் ஆர்டர் என்பார்கள். அந்த வரிசையைப் போடுகிறவர் அவர். அது சின்ன வேலை இல்லை. ஆர்டர் தள்ளிப்போனால் கரும்பு பூத்துவிடும், உள்ளே சக்கை கட்டிவிடும், ஒரு வருடப் பாடு விறகாகிவிடும். வரிசையை மாற்றும் அதிகாரம் கணினியில் அவர் ஒருவர் பெயருக்குத்தான் இருந்தது. நட்ட தேதி என்னவோ அதுதான் வரிசை என்று உட்கார்ந்திருப்பார். எம்.எல்.ஏ. ஆள் வந்தாலும் அதே முகம், நாற்காலி போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்து, மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், பொம்மிடி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் லாரி மோதி இறந்துபோனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அவர் பெயரை எடுத்துவிட்டு அதிகாரத்தைப் பிரிவுத் தலைவருக்கு மாற்றச் சொன்னார். பிரிவுத் தலைவருக்கு அதிகாரம் கொடுத்தேன். சவரிமுத்துவின் பெயரை எடுக்க உட்கார்ந்தபோது, கரும்புப் பிரிவு ஆட்கள் ஏழெட்டுப் பேர் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்கள்.

"மேடம், வருசப் பூசை முடியட்டும்ங்க. அதுக்குள்ள பேர அழிக்க வேணாம்ங்க" என்றார் எடைமேடைக்காரர்.

"இது கம்ப்யூட்டருங்க. கல்லறை இல்லை."

"தெரியுமுங்க. இருந்தாலும் ஒரு மனுசன் பேரு இல்லீங்களா? நம்ம கையால அழிக்கலாமுங்களா?"

அவர்களில் பாதிப் பேர் கோயிலுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். இந்த விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. வருடம் திரும்பும்வரை இறந்தவர் வீட்டில்தான் இருப்பார் என்று சொல்லியே வளர்ந்தவர்கள், நானும்தான். சரி என்றேன். அவர் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. அவர் பெயரை நான் எடுக்கவில்லை. வரிசையை மாற்றும் அதிகாரத்தைக்கூடக் கழற்றாமல் விட்டேன். பெரிய மனசு பண்ணிய திருப்தியில் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டது நினைவிருக்கிறது.

பொங்கல் கழிந்து ஒரு வாரம். அரவை முழு மூச்சில் நடந்துகொண்டிருந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் குளிர் அறையில் ஒரு புரோகிராமில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். மோடம் கீச்சிட்டது. அந்த நேரத்தில் எந்தக் கோட்டத்துக்கும் முறை கிடையாது, காலையோடு முடிந்துவிடும். திரும்பிப் பார்க்கவில்லை. கன்சோல் ஒரு வரி அடித்து நின்றது. சற்றுப் பொறுத்துக் கழுத்தைத் திருப்பினேன்.

சவரிமுத்து. ஒன்று இருபது.

பட்டப்பகல். கண்ணாடிக்கு வெளியே கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, மாடுகள் வைக்கோல் தின்றுகொண்டிருக்கின்றன. என் கையில் இருந்த மயிரெல்லாம் எழுந்து நின்றது. ஏசிதான் என்று சொல்லிக்கொண்டேன். ஏழு நிமிடம் கழித்து இன்னொரு வரி விழுந்தது. சவரிமுத்து வெளியேறினார். அந்தத் தாளைக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். பயம்தான். இன்று வேறு காரணம் சொன்னால் அது பொய்.

திங்கட்கிழமை மறுபடி அதே நேரம், அதே கீச்சு, அதே பெயர். அன்று எடைமேடைக்காரரிடம் மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். ஷிஃப்ட் முடிவதற்குள் ஆலை முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை கன்சோல்மேல் ஒரு முழம் கனகாம்பரம் கிடந்தது. சவரிமுத்துவின் நாற்காலிக்கு அடியில் மெழுகு உருகி ஒட்டியிருந்தது. ஸ்டோர் ஆட்கள் ரிப்போர்ட் வாங்க என் அறைக்குள் வருவதை நிறுத்திவிட்டார்கள், கதவிடுக்கில் கை மட்டும் வரும். பேய் பிசாசை நம்பாத ஆளாக்கும் நான் என்று காட்டிக்கொண்டு திரிந்தேன். மணி ஒன்றைத் தாண்டினால் எனக்கு மோடத்தின் பக்கம் முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மோடத்தின் டெலிபோன் வயரைப் பிடுங்கி வைத்துப் பார்த்தேன். அன்று யாரும் வரவில்லை. பெயர் விழுந்த இரண்டு முறையும் மோடம்தான் முதலில் கீச்சிட்டது. ஆக, வருகிறவர் வெளியிலிருந்து, நான்கு கோட்டங்களில் ஒன்றிலிருந்து வருகிறார். அதற்குமேல் தெரிந்துகொள்ள டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். எழுத்து மூலம் கேளுங்கள் என்றார்கள். எழுதினால் அரவை முடிந்த பிறகு பதில் வரும்.

வந்து என்ன செய்கிறார் என்பதை எனக்குச் சொன்னது கணினி இல்லை, ஒரு விவசாயி. கேட்டில் காவலாளியைத் தள்ளிக்கொண்டு வந்து, என் அறை வாசலில் நின்று கையில் இருந்த கரும்பைக் காட்டினார். நுனியில் வெள்ளையாகப் பூ.

"இந்த வாரம் எனக்கு வெட்டுன்னு சொன்னாங்க. இப்ப பாத்தா எம் பேரு கீழ போயிருக்குது. கேட்டா, செத்தவரு வந்து மாத்தறாருன்னு சொல்றாங்க. சவரி இருக்கையில எனக்கு ஒரு நாளு முன்ன பின்ன ஆனதில்லீங்க. செத்ததுக்கப்பறம் அவருக்கு எம்மேல என்னங்க கோவம்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

அவர் போன பிறகு வரிசைப் பட்டியலைத் திறந்தேன். பெயர் வந்த இரண்டு நாட்களிலும் பொம்மிடிக் கோட்டத்தில் சில தோட்டங்கள் மேலே ஏற்றப்பட்டிருந்தன, மற்றவை கீழே இறங்கியிருந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலே தனி வரியில் ஒரு கூட்டல் குறி. அது சவரிமுத்துவின் வழக்கம். நாம் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுக் கடிதம் எழுதுவதில்லையா, அதுபோல அவர் வேலை தொடங்கும்போது கூட்டல் குறி ஒன்று அடிப்பார். அவருக்கு அது சிலுவை. மெஷினுக்கு அது ஒன்றுமே இல்லை, கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும்.

அப்போதாவது அந்தப் பெயரைப் பூட்டியிருக்க வேண்டும். பூட்டினால் வந்தது யார் என்று தெரியாமலே போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் வேறு. பூட்டினால், இவ்வளவு நாள் ஏன் திறந்து வைத்திருந்தாய் என்று மேனேஜர் கேட்பார்.

சவரிமுத்துவின் மனைவி அருள்மேரி. கருணை அடிப்படையில் ஆலை அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. பொம்மிடிக் கோட்ட அலுவலகத்தில் தமிழ் டைப்பிஸ்ட். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. புதன்கிழமைதோறும் வாரக் காகிதங்களை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஆலைக்கு வருவாள். அந்தப் புதன்கிழமை காகிதங்களைக் கொடுத்துவிட்டுப் போகாமல் என் கதவருகே நின்றாள்.

"எல்லாரும் சொல்றாங்க மேடம். நெசமாங்க?"

"மெஷின்ல ஏதோ கோளாறு மேரி. நீ அதெல்லாம் காதுல போட்டுக்காத."

"கோளாறா இருந்தாலும் பரவால்லீங்க. நான் ஒருக்கா பாத்துட்டுப் போறேன். ஒரே ஒருக்கா."

வெளியாட்களை அந்த அறைக்குள் விடக்கூடாது என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். அந்தக் காகிதம் ஒட்டிய கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டேன். ஸ்டூலைப் போட்டுக் கன்சோலுக்கு எதிரில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் என்ன வேண்டிக்கொண்டிருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

ஒன்று இருபதுக்கு மோடம் கீச்சிட்டது. தடதடவென்று எழுத்து விழுந்தது. அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஆனால் அந்தப் பெயரைப் படிக்கத் தெரியும். எழுந்து நின்றாள்.

"வந்துட்டீங்களா" என்றாள்.

என்னிடம் சொல்லவில்லை. வேலை முடிந்து வருகிற மனிதரிடம் வாசலில் கேட்பது போல, சாதாரணமாகக் கேட்டாள். பிறகு குனிந்து தாளை விரலால் தொட்டாள். மை அவள் விரலில் ஒட்டியது.

"இன்னைக்குத் தேதி போட்டிருக்குதுங்க மேடம்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ வைரஸ், எத்தனையோ திருட்டு பார்த்திருக்கிறேன். அந்த ஏழு நிமிடத்தைப் போல நான் எதற்கும் நடுங்கியதில்லை. அவர் வெளியேறிய வரி விழுந்ததும் அவள் ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, அடுத்த புதன்கிழமையும் வரலாமா என்று கேட்டாள். அவள் பஸ் ஏறியதும் சவரிமுத்துவின் கடவுச்சொல்லை மாற்றினேன். ஆறு மாதம் தள்ளிப்போட்ட வேலை, அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. விவசாயிகளின் புகார் மேனேஜருக்குப் போயிருந்தது. பட்டியலை அச்சடித்து மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். அருள்மேரியை பொம்மிடியிலிருந்து வரவழைத்து எதிரில் நிற்கவைத்திருந்தார். மாற்றம் நடந்தவை எல்லாம் பொம்மிடித் தோட்டங்கள். அவள் வேலை பார்ப்பது பொம்மிடி அலுவலகம். கூட்டல் குறிகளைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். மூன்று.

"ஏம்மா, சிலுவை போட்டு வேலை ஆரம்பிக்கிறது யாரு? நானா? இந்த மேடமா?" என்றார். "புருசனோட பாஸ்வேர்டு பொண்டாட்டிக்குத் தெரியாம இருக்குமா? யாருக்காக மாத்தினே?"

"நான் எதையும் தொட்டதில்லீங்க சார்."

"அப்ப அவரே வந்தாருங்கிறியா?"

அவள் அதற்கு இல்லை என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். மூன்றாவது மாற்றம் நடந்தது புதன்கிழமை ஒன்று இருபதுக்கு. அந்த நேரத்தில் அவள் பொம்மிடியில் இல்லை, என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயைத் திறந்தால், இறந்தவர் பெயரைத் தெரிந்தே எடுக்காமல் விட்டதும் வெளிவரும், வெளி ஆளை மெஷின் அறைக்குள் விட்டதும் வெளிவரும். நான் மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பார்வையை எடுத்துக்கொண்டாள். விளக்கக் கடிதம் எழுதி வாங்கி, சனிக்கிழமை முடிவு சொல்கிறோம், அதுவரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். வேலை போய்விட்டால் அவளுக்குப் போக்கிடம் கரும்பு வெட்டுக் கூலிதான். புருஷன் வரிசை போட்ட தோட்டங்களில் அவள் கொடுவாள் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். அதற்குமேல், செத்தும் ஏமாற்றினான் என்ற பெயர் அவருக்கு.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நேத்து அந்தப் பொம்பள உங்களப் பாத்துச்சே. அப்ப ஏன் சொல்லல?" என்றார்.

"பயந்துட்டேன் சார்."

"நாளைக்கு மதியத்துக்குள்ள அது யாருன்னு சொல்லுங்க. இல்லன்னா ரெண்டு பேருக்கும் ஒரே கவர்ல லெட்டர் வரும்."

பட்டியலை எடுத்துக்கொண்டு பொம்மிடிக்குப் பஸ் ஏறினேன். அருள்மேரி வீட்டில் என்னை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மேனேஜரிடம் சொல்லிவிட்டேன் என்றேன். தலையாட்டினாள். பட்டியலை நீட்டி, இந்தக் குறியைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். மூன்று வட்டங்களையும் நிதானமாகப் பார்த்தாள்.

"இது அவரு இல்லீங்க" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. "அவரு வாரத்துக்கு ஒருக்காதான் போடுவாரு. திங்கக்கெழம, மொத வேலைக்கு மட்டும். அதும் வாய்க்குள்ள ஜெபம் சொல்லிட்டுத்தான். இந்த மாதிரி திங்க, புதன்னு கைக்கு வந்தப்பல்லாம் போட மாட்டாருங்க. இது என்னன்னே தெரியாதவங்க போட்டது."

பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கடைசி வாக்கியத்தையே மென்றுகொண்டு வந்தேன். என்னவென்று தெரியாமல் ஒருவர் ஏன் அதைப் போட வேண்டும்? அவரைப் போலக் காட்டி மிரட்டுவதற்காக இருக்கலாம். இன்னொன்றும் இருக்கலாம். கணினி புதிதாக வந்தபோது நான்கு கோட்ட அலுவலர்களும் ஒரு வாரம் சவரிமுத்துவின் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் வேலை பழகினார்கள். அவர் விரல் போன இடத்தையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கடவுச்சொல் அடித்ததையும் பார்த்திருப்பார்கள். அடுத்து அவர் அடித்த கூட்டல் குறியையும் பார்த்திருப்பார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு அலுவலர்களையும் ஆலைக்கு வரச் சொன்னோம். புது புரோகிராம், பயிற்சி என்று காரணம். இனி கோட்டத்திலிருந்தே வரிசை போடலாம் என்று நான் சொன்னதும் நால்வருக்கும் முகம் மலர்ந்தது. நான்கு திரைகளில் உட்கார வைத்தேன்.

"ஒரு பத்துப் பேர் வரிசை போட்டுக் காட்டுங்க. எந்த ஊரா இருந்தாலும் சரி."

மேனேஜர் கதவருகே நின்றார். நான் அவர்கள் பின்னால் நடந்தேன். முதல் ஆள் நேராக ஊர்ப் பெயரை அடித்தார். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவது கம்பைநல்லூர் மாதையன். எப்போது ஆலைக்கு வந்தாலும் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவருகிறவர். சுண்டுவிரலால் ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூட்டல் குறியைத் தட்டி, அடுத்த வரிக்கு இறங்கினார்.

பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரவில்லை.

"மாதையன், மேல என்னமோ போட்டீங்களே, அது எதுக்குங்க?"

"எதுங்க மேடம்? இதுங்களா?" எனக்கே பாடம் சொல்லிக்கொடுக்கிற தோரணையில் திரும்பினார். "இத அடிச்சிட்டு ஆரம்பிச்சாத்தான் மெஷின் வரிசைய ஏத்துக்கும்ங்க. சவரியண்ணன் அப்படித்தானுங்க அடிப்பாரு."

"மெஷினுக்கு அது தேவையில்லைங்க. அது சிலுவை. அவரு சாமி கும்பிட்டுட்டு ஆரம்பிச்சாரு."

அவர் திரையைப் பார்த்தார். கதவருகே நின்ற மேனேஜரைப் பார்த்தார். விசைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்துத் திரைக்காரர் எழுந்து நகர்ந்துவிட்டார்.

"மாமனார் வூடு பொம்மிடி பக்கமுங்க" என்றார். "கரும்பு பூத்துருச்சு, மாப்பிள்ள ஆலையில இருந்து என்ன பிரயோசனம்னு தெனமும் பேச்சு. உசுரோட இருக்கறவங்க பேர்ல செய்ய மனசு வரலீங்க. செத்தவருக்கு என்ன ஆவப்போவுதுன்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் உள்ள போனா, 'வணக்கம் சவரிமுத்து, நீங்கள் கடைசியாக வந்தது இந்தத் தேதி'ன்னு இங்கிலீசுல வரும். அதப் பாத்து எனக்குக் கையெல்லாம் நடுங்குமுங்க மேடம். நடுங்கிக்கிட்டேதான் செஞ்சேன்."

அவரை ஆலை என்ன செய்தது என்பது உங்களுக்குத் தேவையில்லை. எனக்கு ஒரு வருடம் சம்பள உயர்வு நிறுத்தம், அது நியாயம்தான். அருள்மேரிக்கு எழுதிக்கொடுத்து மன்னிப்புக் கேட்க மேனேஜருக்கு மனம் வரவில்லை, வாயால் கேட்டார். இறங்கிப்போன தோட்டங்களை மேலே ஏற்றினோம். பூத்த கரும்பை நாங்கள் ஏற்றவும் முடியாது இறக்கவும் முடியாது. அந்த விவசாயி தன் வயலைக் கொளுத்தினார் என்று கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை அருள்மேரி வேலைக்குத் திரும்பினாள். நேராக பொம்மிடி அலுவலகத்துக்குப் போகாமல் என்னிடம் வந்தாள்.

"அவரு பேரு இன்னும் உள்ள இருக்குதுங்களா?"

"இருக்கு. இன்னைக்கு எடுத்துடுவேன்."

"நான் எடுக்கறேங்க."

வருசப் பூசைக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. கரும்புப் பிரிவு ஆட்கள் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார்கள். இந்த முறை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கன்சோலில் கட்டளையை நான் அடித்துக் கொடுத்தேன். சவரிமுத்து என்ற பெயரை நிரந்தரமாக நீக்கவா என்று மெஷின் கேட்டு நின்றது. எந்த விசை என்று காட்டினேன்.

"இதுக்கப்பறம் அவரு பேர்ல யாரும் வர முடியாதுல்லீங்க?"

"முடியாது மேரி."

"அவரும் வர மாட்டாருல்லீங்க?"

"வர மாட்டாரு."

விசையை அழுத்தினாள். ஒரு வரி அடித்துவிட்டுக் கன்சோல் நின்றது. அவள் அதைப் படிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக என் கண்ணைப் பார்த்தாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"இத ஆடி மாசமே பண்ணியிருக்கலாம் மேடம்" என்றாள். "நான் அவர ஒருக்காதான் பொதச்சிருப்பேன்."